கைடு தேடும் முன்: ஒரு கரிம வேதியியலாளரின் பேப்பர்களையும் மேற்கோள்களையும் படிக்கும் முறை

எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, நெட் எழுதி, பிஎச்.டி.க்கு கைடு தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடையே ஹாஸ்டலில் ஒரு பேச்சு சுற்றும். "அவர் பெரிய ஆளுப்பா, எச்-இன்டெக்ஸ் 40க்கு மேல." எச்-இன்டெக்ஸ் என்பது ஒருவருடைய பேப்பர்களையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியதையும் சேர்த்து அளக்கும் ஒரு எண். கேட்பவரும் தலையாட்டிவிடுவார். அந்த 40 எந்த வேலையால் வந்தது, எந்த வருடத்தோடு ஏறாமல் நின்றுபோனது என்று கேட்கத் தோன்றுவதில்லை. 5 வருடம், சில சமயம் 6 வருடம், அந்த ஒருவருடைய லேபில்தான் காலையிலிருந்து இரவு வரை நிற்கப்போகிறோம். அதற்கு முன்னால் ஒரு வார மாலைப்பொழுதுகளை ஒதுக்கி அவருடைய ஆய்வைப் படித்துப் பார்ப்பது பெரிய செலவு இல்லை.

அதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு கணினி, இணைய இணைப்பு, ஒரு நோட்டு போதும். காசு கட்ட வேண்டிய தளம் எதுவும் கட்டாயமில்லை. பழகிப் பார்க்க நாம் எடுத்துக்கொள்ளும் ஆள் கே. பேரி ஷார்ப்லெஸ். அமெரிக்காவில் லா ஹோயா ஊரில் இருக்கும் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். 2001லும் 2022லும் வேதியியல் நோபல் பெற்றவர். இரண்டு முறை நோபல் வாங்கியவர்கள் இதுவரை 5 பேர்தான், அவர்களில் ஒருவர். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பேராசிரியரை அளக்க நோபல்காரர் எதற்கு என்று கேட்கலாம். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் முறை கைக்கு வரும். அப்புறம் விடை தெரியாத கணக்குக்குப் போகலாம்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் தமிழ்ப் பெயர்களில் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ராமசாமி மகன் முருகன் ஒரு பேப்பரில் ஆர். முருகன், இன்னொன்றில் முருகன் ராமசாமி, வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்த காலத்தில் பாஸ்போர்ட்டில் இருந்தபடி எம். ராமசாமி. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். இன்னொரு பக்கம், எஸ். குமார் என்று தேடினால் நூற்றுக்கணக்கான பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

நான் ஒருமுறை ஒருவருடைய பட்டியலை 2 நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அதில் கால்வாசி அதே பெயர் கொண்ட சிவில் இன்ஜினியரிங் பேராசிரியருடையது என்று. கான்கிரீட் பற்றிய ஒரு தலைப்பு கண்ணில் பட்டிருக்காவிட்டால் அப்படியே நம்பியிருப்பேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கூகுள் ஸ்காலரில் அவருக்கு சுயவிவரப் பக்கம் இருந்தால் அங்கே தொடங்குங்கள். ஆனால் அது அவரே உருவாக்கியது, புதிய பேப்பர்களைப் பெரும்பாலும் கணினியே சேர்த்துக்கொள்கிறது என்பதை மறக்க வேண்டாம். பட்டியலை வருட வரிசையில் மாற்றி, கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். சம்பந்தமில்லாத துறை, அவர் பிறந்த வருடத்துக்கு ஒத்துவராத பேப்பர், அவர் ஒருநாளும் வேலை பார்க்காத ஊர் ஆகிய மூன்றும் கலப்படத்தின் அடையாளங்கள். பிறகு ஆர்க்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2012ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க எண் ஒன்று உண்டு. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஓப்பன்அலெக்ஸ் தளமும் இலவசம்தான். அங்கே கிடைக்கும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடுபட்டதும் கூடியதும் தெரிந்துவிடும்.

மூன்று எண்கள், அவற்றின் எல்லைகள்

ஆள் உறுதியானதும் நோட்டில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மொத்த பேப்பர்கள், மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ்.

பேப்பர் எண்ணிக்கை தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. கரிம வேதியியலிலேயே இரண்டு பெரிய பெயர்களை எடுங்கள். ஆர். பி. வுட்வர்ட் தன் வாழ்நாளில் வெளியிட்டது ஏறக்குறைய 200, அதிலும் முழுநீளக் கட்டுரைகள் 85தான். ஈ. ஜே. கோரி வெளியிட்டது 1,100க்கும் மேல். முதலாமவருக்கு 1965ல் நோபல், இரண்டாமவருக்கு 1990ல். இருவருக்குள் யார் பெரியவர் என்று இந்த எண்களை வைத்து யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

மேற்கோள் என்பது நம் பேச்சில் சைட்டேஷன். ஒருவர் பேப்பரை இன்னொருவர் தன் பேப்பரின் கடைசியில் குறிப்பிட்டால் ஒன்று. இதை எண்ணும் பழக்கத்தை நிலைநிறுத்தியவர் யூஜின் கார்ஃபீல்ட். வேதியியல் படித்தவர். 1955ல் யோசனையைச் சொன்னார், 1964ல் அச்சுத் தொகுதியாகவே மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். பழைய பேப்பர் ஒன்றிலிருந்து புதிய பேப்பருக்குப் போக வழி வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். நூலகத்துக்குத் தேடும் கருவியாக வந்ததை ஆளை எடைபோடும் தராசாக மாற்றியது பின்னால் வந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும். கீழே நான் சொல்லப்போகும் முக்கியமான படி, அந்தப் பழைய நோக்கத்துக்கே திரும்புவதுதான்.

எச்-இன்டெக்ஸை 2005ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய பேப்பர்களை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழே அடுக்குங்கள். உதாரணத்துக்கு 40, 22, 15, 9, 6, 5, 3, 1 என்று 8 பேப்பர்கள். ஐந்தாவது பேப்பருக்கு 6 மேற்கோள், அதாவது 5க்குக் குறையவில்லை. ஆறாவதுக்கு 5தான், 6க்குக் குறைவு. எனவே எச்-இன்டெக்ஸ் 5. இப்போது முதல் பேப்பரின் 40ஐ அழித்துவிட்டு 9,000 என்று எழுதுங்கள். எச்-இன்டெக்ஸ் அதே 5. உலகமே பயன்படுத்தும் ஒரு வினையைக் கண்டுபிடித்தவரும் அப்படி எதுவும் செய்யாதவரும் இந்த எண்ணில் ஒரே வரிசையில் நிற்பார்கள். எண்ணின் குணமே அதுதான், அதைக் கண்டுபிடித்தவர் மேல் குற்றம் இல்லை.

இன்னொன்று, எச்-இன்டெக்ஸ் இறங்கவே இறங்காது. ஓய்வு பெற்றாலும் ஏறும். அதனால் 60 வயதுக்காரரையும் 38 வயதுக்காரரையும் நேராக ஒப்பிடக்கூடாது. முதல் பேப்பர் வந்து எத்தனை வருடம் ஆனது என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். ஹிர்ஷே இதைச் சொல்லியிருக்கிறார். ஸ்காலர் பக்கத்தில் "மொத்தம்" என்ற பத்திக்குப் பக்கத்தில் சமீப ஆண்டுகளுக்கான பத்தி ஒன்று இருக்கும். கைடு தேடும் உங்களுக்கு அந்த இரண்டாவது பத்திதான் முக்கியம். லேபில் இன்றைக்கு உயிர் இருக்கிறதா என்பதை அது ஓரளவு காட்டும்.

எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஸ்காலரில் எப்போதும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் இரண்டிலும் குறைவாக வரும். ஒருவருக்கு ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண் என்று எடுத்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீடே வீண்.

பேப்பர்களை வகை பிரியுங்கள்

இங்கிருந்துதான் வேதியியல் தெரிந்தவருக்கு வேலை. அதிகம் மேற்கோள் பெற்ற 20 பேப்பர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன வகை என்று எழுதுங்கள்: புது வினை, மொத்தத் தொகுப்பு (சிக்கலான மூலக்கூறு ஒன்றை எளிய பொருள்களிலிருந்து முழுதாகக் கட்டுவது), இயற்கைப் பொருள் ஆய்வு, வினைவழி ஆய்வு (வினை எப்படி நடக்கிறது என்பது), ரிவ்யூ (ஏற்கெனவே வந்த வேலைகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை).

ரிவ்யூவைத் தனியாக ஒதுக்குவது ஏன் என்றால், ரிவ்யூக்கள் மேற்கோளை இழுத்துக்கொள்ளும். சுசுகி–மியாவுரா இணைப்பு வினை 1979ல் வந்தது. அதைப் பயன்படுத்துபவர்களில் ஏராளமானவர்கள் மேற்கோள் காட்டுவது 1995ல் இருவரும் எழுதிய ரிவ்யூவை. அங்கே வினையைக் கண்டுபிடித்தவர்களே ரிவ்யூவையும் எழுதினார்கள், அதனால் கவலையில்லை. ஆனால் ஒருவருடைய முதல் 10 பேப்பரில் 8 பேப்பர் மற்றவர்கள் வேலையைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூவாக இருந்தால், அவருடைய எச்-இன்டெக்ஸை லேப் வேலையின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஷார்ப்லெஸுக்கு வருவோம். அவருடைய வேலை மூன்று அடுக்கு. முதலாவது 1980, ட்சுதோமு கட்சுகியோடு சேர்ந்து எழுதிய சமச்சீரற்ற எபாக்சிடேஷன். சில மூலக்கூறுகள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும், அவற்றில் ஒன்றையே பெரும்பாலும் உருவாக்குவதுதான் சமச்சீரற்ற வினை. டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு, டைஎத்தில் டார்ட்ரேட், டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு, அவ்வளவுதான் மருந்துகள். டார்ட்ரேட் வருவது டார்டாரிக் அமிலத்திலிருந்து, நம் குழம்புப் புளியின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். இயற்கை ஒரு கைப்பக்கமாகவே செய்து வைத்திருக்கும் மலிவான பொருளைக் கொண்டு, இன்னொரு மூலக்கூறையும் ஒரு கைப்பக்கமாகவே உருவாக வைத்தார்கள். இதன் அழகு இன்னும் எனக்குக் குறையவில்லை. 1987ல் மூலக்கூறு சல்லடை சேர்த்தால் டைட்டானியம் 5 முதல் 10 சதவீதம் போதும் என்று காட்டினார்கள். இரண்டாவது அடுக்கு, ஆஸ்மியம் கொண்டு செய்யும் சமச்சீரற்ற டைஹைட்ராக்சிலேஷன். அதற்கு 1994ல் எழுதிய பெரிய ரிவ்யூ இருக்கிறது. மூன்றாவது கிளிக் வேதியியல், அதாவது மூலக்கூறுத் துண்டுகளை எளிதாக, உறுதியாக இணைக்கும் வினைகள். 2001ல் கோல்ப், ஃபின் ஆகியோருடன் எழுதிய கருத்துக் கட்டுரை ஒன்று, 2002ல் ராஸ்டோவ்ட்செவ், கிரீன், ஃபோகின் ஆகியோருடன் எழுதிய செம்பு வினை (அசைடையும் அல்கைனையும் செம்பின் உதவியால் இணைப்பது) பேப்பர் ஒன்று. இரண்டும் ஒவ்வொன்றும் 10,000 மேற்கோள்களைத் தாண்டியவை.

இந்தப் பட்டியலைப் பார்த்து என்ன எழுத வேண்டும்? மனிதர் ஒரு வெற்றியைப் பிடித்துக்கொண்டு 40 வருடம் ஓட்டவில்லை, மூன்று முறை புதிதாகத் தொடங்கியிருக்கிறார். 2001ல் முதல் நோபல் வந்த அதே வருடம்தான் கிளிக் கட்டுரையும் வந்திருக்கிறது. உங்கள் கைடின் பட்டியலிலும் இப்படிப் பாருங்கள். மேற்கோள் பெற்ற பேப்பர்கள் எல்லாம் அவர் போஸ்ட்டாக் செய்த காலத்தவையா, அதாவது வேறொருவர் லேபில் நடந்தவையா? சொந்த லேப் ஆரம்பித்த பிறகு வந்தவை எத்தனை? கரிம வேதியியலில் பெயர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலும் முதல் பெயர் மேசையில் நின்று வினையைச் செய்த மாணவருடையது, நட்சத்திரக் குறி போட்ட பெயர் லேபை நடத்துபவருடையது. நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

மொத்தத் தொகுப்பு செய்பவர்களைப் புது வினை கண்டுபிடிப்பவர்களோடு ஒப்பிடாதீர்கள். வைட்டமின் பி12ஐ வுட்வர்டும் எஷன்மோசரும் தொகுத்து முடிக்க 10 வருடத்துக்கு மேல் ஆனது, ஏறக்குறைய 100 பேர் உழைத்தார்கள். அப்படிப்பட்ட வேலையை வியக்கலாம், படித்துக் கற்கலாம், ஆனால் அடுத்தவர் அதை அப்படியே எடுத்துத் தன் குடுவையில் செய்யப் போவதில்லை. எனவே மேற்கோள் குறைவாகத்தான் வரும். அங்கே பயின்று வரும் மாணவரின் கைத்திறனோ மிகப் பெரிது.

மேற்கோள் காட்டியவர்களின் பேப்பரைத் திறவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்காலரில் ஒவ்வொரு பேப்பருக்கும் கீழே எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அத்தனை பேப்பர்களும் வரிசையாக வரும். மேலே, இந்த மேற்கோள்களுக்குள் மட்டும் தேடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு, வினையில் பயன்படும் ஒரு மருந்தின் பெயரைத் தேடுங்கள். செம்பு வினைக்கு சோடியம் அஸ்கார்பேட் என்று ஆங்கிலத்தில் போடலாம். வரும் பேப்பர்களில் 10ஐத் திறந்து, அந்த மேற்கோள் எண் பேப்பருக்குள் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

முன்னுரையில், "இத்துறையில் பலர் வேலை செய்துள்ளனர்" என்று சொல்லி 1 முதல் 12 வரை ஒரே மூச்சில் அடுக்கிய இடத்தில் வந்தால், அது மரியாதைக்குக் காட்டிய மேற்கோள். செய்முறைப் பகுதியில், "இன்னாருடைய முறைப்படி இந்தச் சேர்மத்தைத் தயாரித்தோம்" என்ற இடத்தில் வந்தால், அது உழைத்த மேற்கோள். யாரோ ஒருவர், அவரைப் பார்த்தே அறியாதவர், அந்தப் பேப்பரை மேசையில் விரித்து வைத்து, எடை போட்டு, கலக்கி, டி.எல்.சி. தகட்டில் வினை முடிந்ததா என்று பார்த்து, பொருளைக் கையில் எடுத்திருக்கிறார். கரிம வேதியியலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது. முன்னுரை மேற்கோள் 50ஐவிட செய்முறை மேற்கோள் 5 பெரிது என்பேன்.

2002ன் செம்பு வினையை ஏன் உலகமே எடுத்துக்கொண்டது என்பது இந்த இடத்தில் விளங்கும். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட், 1 சதவீதம். வைட்டமின் சியின் சோடியம் உப்பு கொஞ்சம். தண்ணீரும் டெர்ட்-பியூட்டனாலும் கலந்த கரைப்பான். அறை வெப்பநிலையில் கலக்கிக்கொண்டே விட்டால் பல சமயம் விளைபொருள் தானே வீழ்படிவாக வந்துவிடும், வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். நைட்ரஜன் பலூன் வேண்டாம், உலர்ந்த கரைப்பான் வேண்டாம். கரிம வேதியியல் பழகாத உயிரியல்காரரும் பாலிமர்காரரும் செய்ய முடிந்தது. அதனால்தான் அதை மேற்கோள் காட்டும் பட்டியலில் வேதியியல் இதழ்களைத் தாண்டி மருந்து, பொருளறிவியல், உயிரியல் இதழ்கள் வந்து நிற்கின்றன. ஒரு பேப்பரின் மேற்கோள்கள் எத்தனை துறைகளில் பரவியிருக்கின்றன என்பதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள்.

அதே பட்டியலில் பின்னோக்கியும் போக வேண்டும். செம்பு சேர்த்தால் இந்த வினை ஒரே விதமாக, வேகமாக நடக்கும் என்பதை டென்மார்க்கில் மோர்டன் மெல்டல் குழுவும் தனியாகக் கண்டு, அதே 2002ல் வெளியிட்டது. 2022 நோபலில் மெல்டலுக்கும் பங்கு உண்டு, கரோலின் பெர்ட்டோசிக்கும் உண்டு. செம்பு இல்லாமல் இந்த வகை வினைகளை 1960களில் விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ரோல்ஃப் ஹூயிஸ்கன். ஒரு பேப்பரின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் படித்தால் அந்த ஆய்வாளர் தனக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கடன் தீர்க்கிறாரா என்று தெரியும். உங்கள் கைடாக வரப்போகிறவர் தன் பேப்பர்களை மட்டுமே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாரா, போட்டிக் குழுவின் வேலையையும் நேர்மையாகச் சொல்கிறாரா? சுயமேற்கோள் ஓரளவு இயல்பு. தொடர் வேலை செய்பவர் தன் முந்தைய பேப்பரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் தன்னுடையதே என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

தப்பென்று சொல்லவும் மேற்கோள் காட்டுவார்கள். ஹெக்சாசைக்ளினால் என்ற இயற்கைப் பொருளைத் தொகுத்துவிட்டதாக 2006ல் ஒரு பேப்பர் வந்தது. அந்த மூலக்கூறின் அமைப்பே வேறாக இருக்க வேண்டும் என்று ஸ்காட் ரிச்னோவ்ஸ்கி கணினியில் என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) கணக்கிட்டுச் சொன்னார். ஜான் போர்கோ குழு திருத்திய அமைப்பைத் தொகுத்துக் காட்டியது. முதல் பேப்பர் 2012ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு வந்த மேற்கோள்கள் எல்லாம் எண்ணிக்கையில் பாராட்டு மாதிரியே சேரும். திரும்பப் பெற்ற பேப்பர்களின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். 5 நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள். ஒருவர் தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றிருந்தால் அதைக் குறையாக எழுதாதீர்கள். அப்படிப்பட்டவர் லேபில் நம்பி வேலை செய்யலாம்.

எண்ணில் வராத பயன்

முதன்முதலாக என்.எம்.ஆர். எடுத்த நாள் பலருக்கு நினைவிருக்கும். குளோரோஃபார்மின் 7.26 தெரிகிறது, தன் சேர்மத்தின் சிகரங்களும் வந்திருக்கின்றன, ஆனால் 2.17ல் ஒரு ஒற்றைச் சிகரம், எங்கிருந்து வந்ததென்றே புரியவில்லை. சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டியூபை அசிட்டோன்ல கழுவிட்டு சரியா காய வைக்கல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அது எப்படித் தெரியும்? சுவரில் ஒட்டிய ஒரு பழைய அட்டவணை. ஆய்வகக் கரைப்பான்கள் என்.எம்.ஆரில் எங்கே தெரியும் என்று 1997ல் காட்லீப், கோட்லியார், நூடெல்மன் மூவரும் வெளியிட்ட பேப்பர் அது. உலகெங்கும் கரிம லேப்களின் சுவரில் அந்த அட்டவணை இருக்கிறது. மேற்கோளும் ஏராளம், ஆனால் தினமும் அதைப் பார்ப்பவர்களில் மேற்கோள் காட்டுபவர் சொற்பம்.

1978ல் கிளார்க் ஸ்டில்லும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ஃபிளாஷ் குரோமட்டோகிராஃபி பேப்பரும் அப்படித்தான். சிலிகா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேலே காற்றழுத்தம் கொடுத்தால், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்குவது சில நிமிடங்களில் இறங்கிவிடும். இன்றைக்கு அதை மேற்கோள் காட்ட யாருக்கும் தோன்றாது. அது லேபின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஷார்ப்லெஸின் டைஹைட்ராக்சிலேஷனுக்கு வேண்டிய கலவையை ஏ.டி.-மிக்ஸ் என்ற பெயரில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு பாட்டில்களாக விற்கிறார்கள். பாட்டிலைத் திறந்து எடை போடுபவர் பேப்பரைத் தேடிப் போவாரா? அலமாரியில் பாட்டிலாக நிற்பது எந்த இன்டெக்ஸிலும் வராத ஒரு வெற்றி.

எனவே மேற்கோளுக்கு அடுத்து இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று காப்புரிமை: கூகுள் பேட்டன்ட்ஸ், லென்ஸ் இரண்டும் இலவசம், ஆய்வாளர் பெயரையோ வினையின் பெயரையோ போட்டால் எந்தெந்தத் தொழிலில் நுழைந்திருக்கிறது என்று தெரியும். இன்னொன்று ஆர்கானிக் சிந்தசிஸ். 1921ல் தொடங்கிய இந்தத் தொகுதியில் வரும் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருடைய லேபில் திரும்பச் செய்து பார்த்து, சரியாக வந்தால்தான் போடுவார்கள். ஷார்ப்லெஸின் எபாக்சிடேஷன் 1985ல் அதில் இடம்பெற்றது. உங்கள் கைடின் வினை அங்கே இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

பழைய தலைமுறையை அளக்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தபடி 1950களில் நஞ்சறுப்பான் செடியின் டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டின் அமைப்பை வெளிக்கொண்டு வந்தவர். 1960ல் பட்நாகர் விருது பெற்றவர். பிறகு பம்பாயில் சிபா ஆய்வு மையத்தை நடத்தினார், முதுமையில் சென்னைக்குத் திரும்பி ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேம்பின் அசாடிராக்டின் வகைகளைப் பிரித்தெடுத்தார். ஸ்காலரில் அவரைத் தேட மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய், ஆசிரியர் பெயருக்கான பெட்டியில் இனிஷியலோடு போட வேண்டும். ஒரே பேப்பர் சில சமயம் இரண்டு மூன்று பதிவுகளாகச் சிதறிக் கிடக்கும், நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வரும் எண்கள் இன்றைய இளம் உதவிப் பேராசிரியரின் எண்களைவிடச் சிறிதாக இருக்கலாம். ஆனால் டைலோஃபோரின் வகை ஆல்கலாய்டுகளைப் புற்றுநோய்க்காக இன்றைக்கு ஆராய்பவர்கள் நிற்கும் தரை அவர் போட்டது. அவர் காலத்து இந்திய லேபில் ஒரு அமைப்பைக் கண்டுபிடிக்க, மூலக்கூறை வெட்டி, சிதைத்து, ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தயாரித்து ஒப்பிட வேண்டியிருந்தது. அந்த உழைப்பை 2 மணி நேர என்.எம்.ஆர். காலத்து அளவுகோலால் அளப்பது நியாயம் இல்லை.

கடைசியாக லேபுக்குள்

இப்போது அந்தக் கைடின் சமீபத்திய பேப்பர் மூன்றை எடுத்து, இணைப்பாக வரும் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் கோப்பை இறக்குங்கள். அது எப்போதும் இலவசம் இல்லையென்றாலும் பெரும்பாலான வேதியியல் இதழ்களில் இலவசம்தான். செய்முறை, நீங்களே செய்து பார்க்கும் அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறதா? மில்லிகிராம், மில்லிமோல் கணக்கு ஒத்துப்போகிறதா? என்.எம்.ஆர். படங்களில் அடித்தளக் கோடு இயல்பாக இருக்கிறதா, மாசுச் சிகரங்கள் எல்லாம் அழித்துத் துடைத்த மாதிரி சந்தேகத்துக்கிடமாக இருக்கிறதா? எல்லா விளைச்சலும் 95, 96, 97 என்று வரிசையாக நிற்கிறதா, 40ம் 55ம்கூட எழுதியிருக்கிறார்களா, எந்தச் சேர்மத்துக்கு வினை நடக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்களா? நடக்காததையும் எழுதும் லேப் மேல் எனக்குத் தனி மதிப்பு.

பிறகு பேப்பர்களின் முதல் பெயர்களை எடுத்துத் தேடுங்கள். அந்த மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேருக்குக் குறைந்தது இரண்டு பேப்பரிலாவது முதல் பெயர் கிடைத்தது? அவர்கள் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் இருந்தால் முகப்பில் சேர்ந்த வருடமும் சமர்ப்பித்த வருடமும் பெரும்பாலும் தெரியும். 4 பேர் ஆய்வேட்டைப் பார்த்தால் அந்த லேபில் முடிக்க எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்கு வந்துவிடும்.

இவ்வளவும் ஆனதும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். எண்கள் ஒரே வரி, எந்தத் தளம், எந்தத் தேதி என்பதோடு. அவருடைய சொந்த லேபிலிருந்து வந்த வேலையில் பிறர் செய்முறையாக எடுத்துக்கொண்டது எது, யார் எடுத்தார்கள் என்று நாலு வரி. கடந்த 5 வருடத்தில் புதிதாக என்ன தொடங்கியிருக்கிறார் என்று இரண்டு வரி. மாணவர்கள் பற்றி இரண்டு வரி. உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக ஒரு வரி.

அந்தக் கேள்வியை வைத்தே அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "ஐயா, உங்கள் ஆய்வுகள் மிகச் சிறந்தவை" என்று தொடங்கும் அஞ்சல்கள் அவருக்கு வாரத்துக்கு நிறைய வரும். "உங்கள் பேப்பரின் இரண்டாம் அட்டவணையில் 7வது சேர்மத்துக்கு மட்டும் விளைச்சல் 38 ஆகக் குறைந்திருக்கிறது, ஆர்த்தோ நிலையில் இருக்கும் தொகுதிதான் காரணமா?" என்று கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பதில் வந்ததும் அவரிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் லேபுக்குப் போய்வாருங்கள். பேராசிரியரைப் பார்த்த பிறகு, மேசையில் நிற்கும் மூன்றாம் வருட மாணவரிடம் தனியாக, இந்த லேபின் பழைய வினைகளில் எதை நீங்கள் திரும்பச் செய்தீர்கள், முதல் தடவையே வந்ததா என்று கேளுங்கள்.